மலைப்பூண்டு விற்க வெளி ஆட்களை வைக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம். கணவரும் நானும் மலைப்பூண்டு பயிரிட்டு, அதோடு தேன் பூண்டும் ஊறுகாயும் போட்டு விற்கிறோம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பேர் பரவியது உண்மை. ஆனால் கீழே சந்தையில் சாதாரணப் பூண்டையும் அதே பேரில் விற்கிறார்கள். புகைமூட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட எங்கள் பூண்டின் காரத்தை வாங்குகிறவருக்கு யார் எடுத்துச் சொல்வது? 2024 மே மாதம் கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்ததிலிருந்து எங்கள் கடை முன்னால் வண்டி நிற்பதும் குறைந்துவிட்டது.

இப்போது கோவையில் ஒரு நிறுவனம் விற்பனை, விளம்பரம் இரண்டையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. மாதம் 20,000 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி, விளம்பரச் செலவும் தனி. நாங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை, அதனால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

போன வருஷம் வேறொருவருக்கு மூன்று மாதப் பணம் முன்கூட்டியே கொடுத்தோம். அழகழகாகப் போஸ்டர் வந்தது, லைக் வந்தது, ஆர்டர் பதினொன்றுதான் வந்தது. எங்கள் பக்கத்தின் பாஸ்வேர்டுகூட அவரிடமே தங்கிவிட்டது. அந்த வலி இன்னும் இருக்கிறது.

மாதத் தொகை நல்லதா, விற்றதற்குக் கமிஷன் நல்லதா? கமிஷன் என்றால் எத்தனை சதவீதம் நியாயம்? வாடிக்கையாளர் நம்பர்கள் எங்களுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது? அப்புறம், மதுரை, திண்டுக்கல் கடைகளுக்கு நேரில் போய் சாம்பிள் காட்டி ஆர்டர் பிடிக்கிற ஆள் பகுதி நேரமாகக் கிடைப்பாரா? எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. கையில் நசுக்கி மோந்து பார்த்தால்தான் இந்தப் பூண்டின் அருமை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கோவை நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சின்ன அனுபவமானாலும் எழுதுங்கள்.