பஸ்டர் கீட்டன் ஒரே ஃபிரேமில் ஒன்பது பேராக வந்தது எப்படி?

கேள்வி:
மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் நடித்து 1921-இல் வந்த ‘தி ப்ளேஹவுஸ்’ படத்தில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக நிற்கிறார்கள். இதைப் பிறகு ஃபிலிம் லேபில் ஒட்டினார்களா, கேமராவிலேயே எடுத்தார்களா?

பதில் 1:
முழுக்க கேமராவில்தான். லென்ஸுக்கு முன்னால் ஒளி புகாத பெட்டி. அதில் செங்குத்தாக ஒன்பது தடுப்புகள். ஒன்றை மட்டும் திறந்து முதல் ஆளை எடுப்பார்கள். பிறகு அதை மூடி, ஃபிலிமைத் தொடக்கத்துக்கே திருப்பிச் சுற்றி, அடுத்ததைத் திறப்பார்கள். ஒரே நெகட்டிவ் ஒன்பது முறை ஓடும். எட்டு சரியாக வந்து ஒன்பதாவதில் பிசகினால் அத்தனையும் வீண். கேமரா இம்மியும் நகரக் கூடாது.

பதில் 2:
அதைவிடக் கஷ்டம் கேமராவின் கைப்பிடி. மோட்டார் இல்லை, ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் கையால் சுற்றியாக வேண்டும். ஒரு தடவை மெதுவாகச் சுற்றினால் அந்தக் கீட்டன் மட்டும் திரையில் வேகமாக ஆடுவார். கீட்டனும் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் தாளத்துக்கு அடி பிசகாமல் ஆடினார். லெஸ்லியின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? அநியாயம்.

பதில் 3:
இந்த உத்திக்குப் போன காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘தி எலெக்ட்ரிக் ஹவுஸ்’ படப்பிடிப்பில் எஸ்கலேட்டரில் மாட்டிக் கீட்டனின் கணுக்கால் முறிந்திருந்தது. விழுந்து புரளும் காட்சிகளுக்கு வழியில்லாததால் கேமரா உத்தியில் இறங்கினார். 1924-இல் ‘ஷெர்லாக் ஜூனியர்’ கனவுக் காட்சியில் பின்னணி மாறும்போதெல்லாம் அவர் அதே இடத்தில் நிற்பார். கேமராவுக்கும் அவருக்கும் இடையிலான தூரத்தை நில அளவைக் கருவியால் அளந்தார்கள். 1928-இல் எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குப் போனபின் இப்படிச் சோதித்துப் பார்க்கும் சுதந்திரம் போய்விட்டது.