நிலாவெளியில் சுழியோடிப் பயிற்சி: முதல் கடல் இறக்கத்திலேயே காது அடைத்து, மாஸ்க்குக்குள் தண்ணி போய் மேலே பாய்ந்து வந்தேன். தொடரலாமா?

கிண்ணியா_நிலா:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபாவின் ஆரம்பப் பயிற்சி) தொடங்கி இடையில் நிற்கிறேன். ஸ்கூபா தெரிந்த அண்ணன்மார், நானாமார், அக்காமார் யாராவது சொல்லுங்க.

முதல் நாள் கரையோரம் இடுப்பளவு தண்ணியில் அரை மணித்தியாலம் பழக்கினார்கள். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணி விட்டு ஊதி வெளியேற்றியதோடு சரி, முழுசாகக் கழட்டிப் போடப் பழக்கவில்லை. இரண்டாம் நாள் போட்டில் புறாமலைப் பக்கம் போனோம். ஐந்து பேருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர். என் நிறை 58 கிலோ. 3 மில்லிமீற்றர் அரைக்கைச் சூட், அலுமினியச் சிலிண்டர், இடுப்பில் 10 கிலோ ஈயம். பிடித்து இறங்கக் கயிறு இல்லை, கல்லுப் போல் போய்விட்டேன். 3 மீற்றரில் இடது காது குத்தத் தொடங்கியது. காதைக் காட்டினேன். "மூக்கைப் பொத்தி ஊது, இறங்கு" என்று சைகை வந்தது. 9 மீற்றரில் மணலில் முழங்காலில் நின்று எழும்ப முடியாமல் இருக்க, ஜாக்கெட்டுக்குள் (காற்று அடித்து மிதக்க வைப்பது) இன்ஸ்ட்ரக்டர் கனக்கக் காற்று அடித்துவிட்டார். பிறகு மாஸ்க்கைக் கழட்டச் சொன்னார். மூக்கால் தண்ணியை இழுத்துவிட்டேன். ரெகுலேற்றரை (வாயில் கடித்து மூச்சு விடும் கருவி) துப்பியதும் மேலே வந்து விழுந்ததும்தான் ஞாபகம். மாஸ்க்குக்குள் கொஞ்சம் ரத்தம்.

அது நடந்து இன்றைக்கு மூன்றாம் நாள். இடது காது அடைப்பு, என் குரலே குடத்துக்குள் பேசுவது போல. தலைச்சுற்று இல்லை. அன்று காலை லேசாகத் தடிமன் இருந்தது. பீனிசமும் உண்டு. உடல்நலப் படிவத்தில் "எல்லாத்துக்கும் இல்லை என்று போடுங்க" என்றார்கள், போட்டேன்.

நாளைக்கு வந்தால் மிச்ச மூன்று இறக்கத்தையும் ஒரே நாளில் முடித்து சான்றிதழ் கார்ட் தருகிறார்களாம். உம்மா உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெயைக் காதுக்குள் விடச் சொல்கிறா. ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா போகிறோம். எது செய்ய, எது விட?

கடலோரக்_கல்:

நாளைக்குப் போகாதீங்க. எண்ணெயும் விடாதீங்க. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும்.

காதை விட அவசரமான ஒன்று: மேலே வரும்போது மூச்சை அடக்கினீங்களா? 9 மீற்றரில் நுரையீரல் நிறைய இருக்கும் காற்று மேற்பரப்புக்கு வரும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். வெளியேற வழி இல்லாட்டி நுரையீரலைக் கிழிக்கும், இதற்கு ஒன்றரை மீற்றரே போதும். நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், குரல் மாற்றம், கழுத்துத் தோலை அழுத்தினால் நொறுநொறு என்ற சத்தம், கை கால் விறைப்பு, இதில் ஏதாவது அன்றைக்கோ பிறகோ வந்ததா? வந்திருந்தால் இந்த இழையை மூடிவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு எடுங்க.

கிண்ணியா_நிலா:

இல்லை அண்ணன். கத்திக்கொண்டுதான் வந்திருக்கிறேன், பக்கத்தில் நின்ற பிள்ளை சொன்னது. இருமல்கூட இல்லை.

கடலோரக்_கல்:

கத்தினது நல்லது, காற்று வெளியே போயிருக்கும். ஆனாலும் டொக்டரிடம் "9 மீற்றரில் இருந்து வேகமாக வந்தேன்" என்பதைச் சொல்லுங்க. காது என்று மட்டும் சொன்னால் காதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

செவிப்பறை:

நீங்கள் விவரிப்பது நடுக்காது அழுத்தக் காயம் போலத் தெரிகிறது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் தடிமனால் வீங்கியிருந்திருக்கும். வெளி அழுத்தம் கூடும்போது உள்ளே காற்றுப் போகாததால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு, நடுக்காதில் நீரோ ரத்தமோ ஊறும். குடத்துக் குரல் அதனால்தான். அந்த ரத்தம் குழாய் வழியாக மூக்குக்கு வந்து மாஸ்க்கில் தெரிவதுண்டு. சைனஸ் அறைகளில் இருந்தும் வரலாம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வாயை மூடி "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் நடுக்காதோடு நிற்கிறது. நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் உட்காது பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால், அல்லது இரைச்சலோ தலைச்சுற்றோ தொடங்கினால், காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள். உட்காதுக்கு நாட்கள் முக்கியம். முனகல் பரிசோதனை நன்றாக வந்தாலும் டொக்டர் செவிப்பறையைப் பார்க்கத்தான் வேண்டும்.

அதுவரை மூக்கைப் பொத்தி ஊதிப் பார்க்கவே கூடாது. "திறந்துவிட்டதா" என்று நாளுக்குப் பத்துத் தரம் ஊதித்தான் பலர் காயத்தைப் பெரிதாக்குகிறார்கள். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். குளிக்கும்போது வாஸ்லீன் தடவிய பஞ்சை வெளிக்காதில் வையுங்கள். டொக்டர் பார்க்காமல் எந்தத் துளிமருந்தும் வேண்டாம். ஓட்டை இல்லாத நீர்த்தேக்கம் சில வாரங்களில் வடியும். ஓட்டை இருந்தால் மாதங்கள் ஆகலாம்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். சுழியோடும்போது உடம்பில் கரையும் நைதரசன் பக்கம் பயமில்லை, மூன்று நாள் கடந்துவிட்டது. ஆனால் குழாய் அடைத்திருக்கும்போது மலை ஏறி இறங்கினால் வலிக்கும், குறிப்பாக இறங்கும்போது. டொக்டர் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஈயக்கட்டி:

எல்லாரும் காதைப் பார்க்கிறீங்க, நான் இடுப்பைப் பார்க்கிறேன். 58 கிலோ ஆளுக்கு, 3 மில்லிமீற்றர் அரைக்கைச் சூட்டோடு, உப்புத்தண்ணியில் 10 கிலோவா? 4, மிஞ்சினால் 5 கிலோவில் தொடங்கிச் சரிபார்க்க வேண்டிய உடம்பு இது. கூடப் போட்டால் பழக்காத ஆள் சீக்கிரம் தாழும், இன்ஸ்ட்ரக்டருக்கு வேலை குறைவு. அதற்காகத்தான் போடுகிறார்கள்.

காது வலித்ததும் பாய்ந்து மேலே வந்ததும் இரண்டும் இந்த ஈயத்தில்தான் தொடங்குகிறது. கயிறும் இல்லாமல் 5 கிலோ கூடுதலோடு இறங்கினால் நின்று நின்று காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய வழியில்லை. அடியில் அந்த 5 கிலோவைத் தூக்க ஜாக்கெட்டில் 5 லீற்றர் காற்றுக் கூட அடிக்க வேணும். 9 மீற்றரில் அழுத்தம் 1.9 பார், மேற்பரப்பில் 1. அதே காற்று மேற்பரப்பில் ஒன்பதரை லீற்றர். காற்றை வெளியே விடாமல் நீங்கள் ஒரு மீற்றர் எழும்பினால் ஜாக்கெட் வீங்கும், வீங்கினால் இன்னும் வேகம், வேகம் கூடினால் இன்னும் வீக்கம். கடைசியில் நாலரை கிலோ இழுப்பு உங்களைத் தூக்கி எறியும். பயத்தில் காலடித்து வந்தது கொஞ்சம்தான், மிச்சம் ஜாக்கெட் செய்த வேலை.

அடுத்த தரம் தண்ணியில் கால் வைத்ததும் இதைக் கேட்டு வாங்குங்க: ஆழமில்லாத இடத்தில், ரெகுலேற்றர் வாயில், ஜாக்கெட்டில் காற்று முழுக்க வெளியே, அசையாமல் செங்குத்தாக நின்று சாதாரண மூச்சு ஒன்றை இழுத்துப் பிடிக்க வேணும். தண்ணி மட்டம் கண்ணுக்கு நேரே நிற்க வேணும். மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேணும். விட்டும் தாழாட்டி ஒரு கிலோ கூட்டுங்க, இழுத்தும் மிதக்காட்டி ஒரு கிலோ குறையுங்க. சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது இதைச் செய்தால் கடைசியில் 2 கிலோ சேர்க்க வேணும், அலுமினியச் சிலிண்டர் காற்றுத் தீரத் தீர மிதக்கத் தொடங்கும். இரும்புச் சிலிண்டர் என்றால் ஈயம் இன்னும் குறையும்.

கொட்டியாரக்காற்று:

குளம்கூட இல்லாமல் கடற்கரையில் பழக்கியிருக்கிறார்கள், அதுவே பித்தலாட்டம். காசைத் திருப்பிக் கேளுங்க தங்கச்சி.

கடலோரக்_கல்:

அது சரியில்லை. அலை அடிக்காத, அடி தெரியும், ஆழமில்லாத கடலோரத்தைக் குளத்துக்குப் பதிலாக எடுக்க விதி இடம் கொடுக்கிறது. ஐந்து பேருக்கு ஒருவர் என்பதும் விதிக்குள்தான்: 'பாடி' (PADI) என்ற சுழியோடிச் சான்றிதழ் அமைப்பின் முறைப்படி கடலில் எட்டு மாணவர் வரை ஒரு இன்ஸ்ட்ரக்டர் கொண்டு போகலாம். ஒரு நாளில் மூன்று பயிற்சி இறக்கமும் செய்யலாம், நாலு இறக்கமும் குறைந்தது இரண்டு நாளில் பரவியிருந்தால் சரி. எண்ணிக்கையில் மடக்க முடியாது.

தப்பு வரிசையில். ஆழமில்லாத தண்ணியில் ஐந்து கட்டமாகப் பழக்க வேணும், அரை மணித்தியாலத்தில் அது முடியாது. மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிஷம் மூச்சு விடுவது, கழட்டிப் போட்டுத் தண்ணியை வெளியேற்றுவது எல்லாம் அங்கே கைவந்த பிறகுதான் கடலில் கேட்கலாம். முதல் கடல் இறக்கத்தில் மாஸ்க்கில் பாதித் தண்ணி விட்டு வெளியேற்றுவதுதான் பாடம், அதுவும் 12 மீற்றருக்கு மேற்படாத ஆழத்தில். நீங்கள் பழகாததை 9 மீற்றரில் கேட்டிருக்கிறார்கள்.

படிவத்தில் "இல்லை" போட வைத்தது அடுத்தது. காது, சைனஸ் பற்றி அதில் நேரடியாகவே கேள்வி இருக்கிறது. "ஆம்" என்றால் கோர்ஸ் இல்லை என்று அர்த்தமில்லை, ஒரு டொக்டர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேணும், அவ்வளவுதான். இனி எங்கே போனாலும் உண்மையை எழுதுங்க.

காசுக்குச் சண்டை பிடிக்க முதல் உங்கட பயிற்சிப் பதிவுத் தாளின் பிரதியைக் கேளுங்க. எந்தக் கட்டம் முடிந்தது என்று இன்ஸ்ட்ரக்டர் திகதியும் கையெழுத்தும் இட்டிருக்க வேணும். செய்யாததற்கும் கையெழுத்து இருந்தால் அந்தப் பிரதிதான் முறைப்பாட்டுக்கு ஆதாரம், சான்றிதழ் அமைப்பின் தர விசாரணைப் பிரிவுக்கு நேரே அனுப்பலாம். முடித்த கட்டங்களை வைத்து வேறு இன்ஸ்ட்ரக்டரிடம் தொடர 12 மாதம் இருக்கிறது. இணையப் பாடம் செய்திருந்தால் அது உங்கட பெயரில், கடையோடு போகாது.

சோழகம்:

மாஸ்க் பயத்துக்கு கடலும் வேணாம், கடையும் வேணாம். அகலமான பேசினில் தண்ணி, ஒரு ஸ்நோர்கல் (வாயில் வைக்கும் மூச்சுக்குழாய்). மாஸ்க் இல்லாமல் முகத்தை வைத்து, வாயால் இழுத்து மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்க. முதல் நாள் பத்து மூச்சே பெரிசு. மூக்கில் தண்ணி முட்டும், ஆனால் மூக்கால் இழுக்காத வரை உள்ளே வராது. ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க முடிந்தால் பாதி கோர்ஸ் முடிந்த மாதிரி. காது ஆறுமட்டும் இதையும் தொடாதீங்க, காதுக்குள் தண்ணி தெறிக்கும்.

கடலில் மாஸ்க்கை வெளியேற்றும்போது மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் மெதுவாக நீளமாக ஊதிக்கொண்டே முகத்தை நிமிர்த்துங்க. அவசரமாக ஒரே மூச்சில் ஊதினால் காற்று மேலால் தப்பும், தண்ணி அப்படியே நிற்கும். தலை மூடும் நீச்சல் துணியின் ஓரம் மாஸ்க் விளிம்புக்குள் அகப்பட்டால் அதுவே ஒழுகும். துணியின் ஓரம் மாஸ்க்குக்கு வெளியே இருக்க, நெற்றித் தோலில் ரப்பர் நேரடியாக ஒட்ட வேணும்.

இன்னொன்று, ரெகுலேற்றரைத் துப்பவே வேணாம். இருமலாம், வாந்திகூட எடுக்கலாம் அதற்குள்ளேயே.

கிண்ணியா_நிலா:

ஜஸாக்கல்லாஹ், எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குக் காட்டினேன். முனகல் இடது பக்கம்தான் பெரிதாகக் கேட்டது. செவிப்பறை சிவந்து பின்னால் நீர் நிற்கிறதாம், ஓட்டை இல்லை. நாலு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார், அதுவரை சுழியோட்டமும் மலையும் இல்லை. நுவரெலியாவை ரத்துச் செய்துவிட்டோம், உம்மாவுக்குத்தான் கவலை. கடையில் பதிவுத் தாளின் பிரதி கேட்டேன், "நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார்கள்.

இப்போது ஓகஸ்ட் நடுப்பகுதி. ஆறினால் இந்தச் சீசனில் முடிக்க ஏலுமா? ஆறின பிறகு காதை எப்படித் திறக்கிறது?

கடலோரக்_கல்:

செப்டம்பர் கடைசிக்குள் டொக்டர் விட்டால் ஏலும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காலைக் கடல் ஆடாது, பின்னேரம் காற்று எழும்பிவிடும், ஆகவே விடியல் இறக்கமாகக் கேளுங்க. ஒக்டோபர் பிந்தினால் வாடை (வடகிழக்குக் காற்று), இங்கே கடல் கலங்கிவிடும். அப்போது ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம் சீசன் தொடங்கும். அல்லது அடுத்த ஏப்ரலில் இங்கேயே முடிக்கலாம், 12 மாதத்துக்குள்தான் வருகிறது. பிரதியை வாயால் கேட்காதீங்க, வட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்க.

செவிப்பறை:

காது ஆறிய பிறகு: இறக்கத்துக்கு முன்பே, மேற்பரப்பிலேயே முதல் தரம் மெதுவாகச் சமன்செய்யுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து, கால் கீழே தலை மேலே, அரை மீற்றருக்கு ஒரு தரம். வலி வருவதற்கு முன் செய்வதுதான் முறை. முதல் 10 மீற்றரில்தான் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, அதனால் மேல் 3 மீற்றரில் எவ்வளவு பொறுமையானாலும் தகும். அழுத்தம் உணர்ந்தும் திறக்கவில்லையென்றால் குழாயின் வாய் ஒட்டிவிட்டது, ஊத ஊத இறுகும். ஒரு மீற்றர் மேலே வந்து, மூக்கைப் பொத்தி விழுங்கிப் பாருங்கள், அடைத்த காதை மேலே சரித்து இன்னொரு தரம். மூன்றாம் தரமும் திறக்காவிட்டால் அன்றைய இறக்கம் முடிந்தது என்று கட்டைவிரலை மேலே காட்டுங்கள். தடிமன் உள்ள நாளில் மூக்கு ஸ்பிரே அடித்து இறங்கக் கூடாது. அடியில் மருந்தின் வேகம் குறைந்தால் ஏறும்போது காற்று வெளியேற முடியாமல் அடைக்கும், அது இறங்கும்போது வருவதை விட மோசம்.

ஈயக்கட்டி:

புது இடத்தில் "எத்தனை கிலோ போட்டீங்க?" என்று கேட்பார்கள். பழைய 10ஐச் சொல்லிவிடாதீங்க. லொக் புத்தகத்தில் (இறக்கக் குறிப்பேடு) முதல் இறக்கத்துக்கு எதிரே இப்படி எழுதி வையுங்க: உப்புத்தண்ணி, 3 மில்லிமீற்றர் அரைக்கை, அலுமினியம், 10 கிலோ, மிகக் கூட. சரிபார்த்த பிறகு புது எண்ணை அதற்குக் கீழே.