45-70க்கு தக்கை வெட்ட எந்த பஞ்ச் வாங்கலாம்? வெட்டுறதெல்லாம் கிண்ணம் மாதிரி வருது

கேள்வி:
வணக்கம், பிளாக் பவுடர் (கருப்பு வெடிமருந்து) ரைபிள்ல டார்கெட் சுடுறேன், 45-70ங்கிற கார்ட்ரிட்ஜ், அதாவது தோட்டா. பவுடருக்கும் ஈய புல்லட்டுக்கும் நடுவுல வைக்கிற வாட், அதாவது தக்கை, அதை நானே வெட்டலாம்னு 12 மிமீ ஹாலோ பஞ்ச் (வட்டமா வெட்டுற குழாய் உளி) ஒண்ணு வாங்கினேன். ஷீட் 1.5 மிமீ ஃபைபர் கேஸ்கெட். இரும்புப் பலகை மேல வச்சு சுத்தியலால அடிக்கிறேன், தக்கை கிண்ணம் மாதிரி வளைஞ்சு வருது, ஓரமெல்லாம் பிசிறு, வெர்னியர்ல பாத்தா ஒரு பக்கம் 12, மறுபக்கம் 11.4. ஷீட் தப்பா பஞ்ச் தப்பா, பெஞ்ச் டிரில் வாங்கணுமா, கொஞ்சம் சொல்லுங்க.

பதில் 1:
தம்பி, ரெண்டு பக்கமும் வேற வேற அளவுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதுலயே விடை இருக்கு. உங்க பஞ்ச்ல சாணை பிடிச்ச சரிவு உள்பக்கம் இருக்கு. ஓட்டை சுத்தமா வேணும்ங்கிறவங்களுக்கு அது சரி, நமக்கு வேண்டியது ஓட்டை இல்லையே, உள்ள விழுற துண்டு தானே! சரிவு வெளிப்பக்கம் இருந்து உள்சுவர் நேரா இருக்கணும், அப்பதான் தக்கை ஓரம் செங்குத்தா நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி முனையை வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, நகத்தை உள்ள விட்டு தடவினாலே தெரிஞ்சிரும்.

அப்புறம் அளவு. புல்லட் 11.63 மிமீ, தக்கை 11.68 கிட்ட இருந்தா கேஸ், அதாவது தோட்டாவோட பித்தளைக் கூடு, அதோட சுவரை ஒட்டி நிக்கும். கடையில பெரும்பாலும் கிடைக்கிறது 11, 12 தான், 11 சின்னது, ஓரத்துல சூடான வெடிவாயு புகுந்து புல்லட் அடிப்பாகத்தை அரிச்சிரும், 12ஐ திணிச்சா மடங்கும். லேத்ல சொல்லி செய்யுங்க, முனைக்கு மேல உள்துளை கொஞ்சம் அகலமா இருக்கட்டும், இல்லன்னா தக்கை உள்ள அடைச்சுக்கும். இரும்புப் பலகையை இன்னைக்கே தூக்கி வைங்க, முனை மழுங்குறதே அதனாலதான். மரக்கட்டையோட வெட்டுமுகம் மேல வச்சு அடிங்க.

பதில் 2:
செலவு பண்றதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாருங்க நண்பா. சுட்டு முடிச்ச, சைஸ் பண்ணாத (அழுத்தி மறுபடி பழைய அளவுக்கு சுருக்காத) காலி பித்தளை கேஸ் ஒண்ணு எடுங்க, வாயை வெளிப்பக்கமா கூர் தீட்டி, அடியில பிரைமர் (மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி) துளையை டிரில் பண்ணி பெருசாக்கினா தக்கையை கம்பி விட்டு தள்ளிக்கலாம். பித்தளை சீக்கிரம் மழுங்கும், ஆனா அளவு சரியாங்கிறதுக்கு நல்ல சோதனை. காலி கேஸ் தானான்னு ரெண்டு தடவை பாத்துட்டு டிரில் வைங்க.

நூத்துக்கணக்குல வேணும்னா ரீலோடிங் பிரஸ்ல (காலி கேஸை மறுபடி நிரப்ப உதவுற கை அழுத்தி) மாட்டுற பஞ்ச் தான் நல்லது, அடி நேரா இறங்கும், கையும் வலிக்காது. பெஞ்ச் டிரில்ல சுத்தவிட்டு வெட்டுறது ஃபெல்ட், கார்க்குக்கு ஓகே, பாலிஎத்திலீன் ஷீட்டுன்னா சூட்டுல இளகிடும், அதுக்கு மோட்டாரை நிறுத்திட்டு கைப்பிடியால அழுத்துங்க. ஷீட்டை அடுக்கி வெட்டாதீங்க, கீழ இருக்கறது கோணிடும்.

இன்னொண்ணு, 0.75 மிமீ ஷீட்டுக்கு பதிலா உங்க 1.5 மிமீ ஷீட் போட்டா கேஸ் உள்ள இருக்க இடம் மாறும். புல்லட் எந்த ஆழத்துல உக்காருதுன்னு மறுபடி பாருங்க, பவுடருக்கும் தக்கைக்கும் நடுவுல காத்து இடைவெளி விழவே கூடாது, பேரல் வீங்கிரும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா, ரெண்டு பேருக்கும். நகத்தால தடவிப் பாத்தேன், சரிவு உள்பக்கமே தான். காலி கேஸ்ல பத்து வெட்டினேன், பத்தும் தட்டையா விழுந்துச்சு, ரெண்டு பக்கமும் 11.7. இதே அளவு சொல்லி லேத்ல குடுத்திருக்கேன்.