வேலியைக் கடைசியாக எடுத்தது யார்?

குழு: தாத்தா வீடு

நான்: அக்காவின் புத்தக அலமாரிக்கு ஞாயிற்றுக்கிழமை காடி எடுக்க வேண்டும், பலகை செருகும் நீளப் பள்ளம். ரூட்டர் மேசை யார் வீட்டில் இருக்கிறது?

அத்தை: இணையம் வரவில்லையா?

அக்கா: அத்தை, இது மூன்றாவது முறை. மரம் குடையும் ரூட்டர்!

சித்தப்பா: மேசை இங்கேதான். வேலி இல்லை, பலகையை அணைத்துத் தள்ளும் அந்தச் சட்டம்.

பெரியப்பா: வேலி இல்லையா? அதை இழைத்து நேராக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சித்தப்பா: நான் எடுக்கவில்லை அண்ணா.

பெரியப்பா: நீ எடுத்தாய் என்று யார் சொன்னது?

அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்: ஒரு சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதாதா?

பெரியப்பா: தாராளமாகப் போதும். சட்டம் நேராக இருக்க வேண்டும். அதன் முகம் மேசைக்கு 90 டிகிரியில் நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார். ரூட்டரின் வெட்டும் அலகு, அந்தப் பிட் சுழலும் இடத்தில் ஒரு வாய் வெட்டு. அடிவிளிம்பை 2 மி.மீ. சரிவாக இழைத்துவிடு, இல்லாவிட்டால் தூள் அங்கே சேர்ந்து பலகையை வெளியே தள்ளும், காடி கோணலாகும். மேசை விளிம்புக்கு இணையாக வைக்கிறேன் என்று மெனக்கெடாதே. பிட் ஒரு புள்ளி. அதற்கும் வேலிக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. ஒரு முனையைப் போல்ட்டில் சுழலவிடு, மறுமுனைக்குக் கிளாம்ப். பிட் சரிபாதியில் இருந்தால் மறுமுனையை 1 மி.மீ. தள்ளும்போது பிட் அருகே அரை மி.மீ.தான் நகரும்.

அக்கா: படித்துவிட்டு வருகிறேன், நாளைக்கு.

அப்பா: பலகையை எந்தப் பக்கமிருந்து தள்ளுவாய்?

நான்: வலமிருந்து இடம்.

அப்பா: பிட்டுக்கும் வேலிக்கும் நடுவில் நுழைக்காதே. பிட் பிடித்து இழுத்து எறிந்துவிடும்.

சித்தப்பா: சமையலறைக் கதவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதை யார் செய்தது என்று பெரியப்பாவிடம் கேள்.

பெரியப்பா: அன்றைக்குக் கரண்ட் போய் வந்தது.

அப்பா: அதற்கும் பள்ளத்துக்கும் என்ன தொடர்பு அண்ணா?

*பெரியப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்*

சித்தப்பா: மேசையும் நடுவில் குழிந்திருக்கிறது. அப்பாவின் தேக்கு அலமாரிக் கதவை யாரையும் கேட்காமல் அறுத்து மேசையாக்கினால் அப்படித்தான் ஆகும்.

பெரியப்பா: கதவை அறுத்து ஒன்பது வருடம் ஆகிறது. முழுமரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது, ஒப்புக்கொள்கிறேன். மரநாரை அழுத்திச் செய்யும் 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை இரண்டை ஒட்டி, இரண்டு பக்கமும் மைக்கா போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அதுவும் வளையும்.

அத்தை: அந்தக் கதவில் அம்மா வைத்த பொட்டு இருந்தது.

அக்கா: இன்னும் இருக்கிறது அத்தை, மேசையின் அடியில். நான் பார்த்தேன்.

அப்பா: ஒரு சந்தேகம். தட்டுகள் உட்காரும் காடி குறுக்காக, ஆறடிப் பலகையின் நடுவில் வரும். அவ்வளவு தூரத்துக்கு வேலியை எங்கே நகர்த்துவாய்?

நான்: அதை யோசிக்கவில்லை.

அப்பா: பின்பலகைக் காடி விளிம்போடு நீளமாக ஓடும், அதற்கு மேசை. தட்டுக்கு ரூட்டரைக் கழற்றிக் கையில் பிடி. இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்து வைத்து, ஒரே சட்டத்தை வழிகாட்டியாக்கி ஓட்டு. அப்போதுதான் தட்டு சாயாது.

பெரியப்பா: இதைத்தான் நான் அடுத்துச் சொல்ல வந்தேன்.

அத்தை: [புகைப்படம்] எங்கள் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டை. நடுவில் வாய் வெட்டி இருக்கிறது. இதுவா?

பெரியப்பா: அதேதான்!

சித்தப்பா: பயிரை மேயாமல் கதவைக் காத்திருக்கிறது, பரவாயில்லை.

அத்தை: தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி இரண்டு வருடம் ஆயிற்று அண்ணா. போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

நான்: ஞாயிறு காலை யார் அத்தை வீட்டுக்குப் போவது?

*நான்கு பேர் பார்த்துவிட்டார்கள்*

அக்கா: ஞாயிறு நான் ஊரில் இல்லையே, சொன்னேனா?