அமெரிக்காவின் தொடக்ககால ஓவியக் கழகங்கள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓவியக் கல்லூரி மாணவர்களுக்காக, அமெரிக்காவின் முதல் ஓவியக் கழகங்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1805-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய பென்சில்வேனியா கழகத்தைப் பற்றி வேண்டியது கிடைத்துவிட்டது. நியூயார்க் கதைக்குத்தான் உங்கள் உதவி தேவை.

அங்கே ஓவியர் ஜான் டிரம்புல் தலைமையில் இருந்த பழைய கழகத்தில், பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைந்து பழக மாணவர்களுக்கு அதிகாலையில்தான் அனுமதி. போய் நின்றால் கதவு பூட்டிக் கிடக்குமாம்! பொறுத்துப் பார்த்த இளைஞர்கள் 1825-இல் தனியாகக் கூடி வரைய ஆரம்பித்து, அடுத்த ஆண்டே தேசிய வடிவமைப்புக் கழகத்தை உருவாக்கினார்கள். தலைவர் சாமுவேல் மோர்ஸ். ஆமாம், பின்னாளில் தந்தியால் பெயர்பெற்ற அதே மோர்ஸ்தான்.

அந்தக் கழகத்தின் 1836 கண்காட்சியில் வைக்கப்பட்டதுதான் ஓவியர் தாமஸ் கோல் வரைந்த 'ஆக்ஸ்போ' என்ற இயற்கைக்காட்சி ஓவியம். இடப்பக்கம் முறிந்த மரமும் புயல்மேகமும், வலப்பக்கம் வெயிலில் ஆற்று வளைவும் வயல்களும். கீழே பாறைகளுக்கு நடுவில் தன்னையே பொடியாக வரைந்திருக்கிறார். திரும்பி நம்மைப் பார்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

கழகத்தின் ஆரம்பகாலக் கண்காட்சிப் பட்டியல்கள் இணையத்தில் எங்கே கிடைக்கும்? சிலை பார்த்து வரையும் பயிற்சி எப்படி நடந்தது என்று விரிவாகச் சொல்லும் நூல் ஏதும் தெரியுமா? அப்புறம், நியூயார்க்வாசிகள் யாராவது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் போனால், கோலின் அந்தச் சின்ன உருவத்தை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து இங்கே போட முடியுமா?