கடித்த பிள்ளைக்கு நாலு நிமிட டைம் அவுட்: சரியா?

மழலைத்தாய்: நாலு வயது மகன் தங்கையின் கையைக் கடித்துவிட்டான். அடிக்க மனசில்லை. ஜன்னலோரம் பாய் போட்டு, வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் நாலு நிமிடம் தனியாக உட்கார வைத்தேன், டைம் அவுட் என்று. இரண்டாவது நிமிடமே மாமியார் முறுக்கோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "பச்சப்புள்ளய ஒதுக்கி வைக்கிறியே" என்று எனக்குத்தான் திட்டு.

தஞ்சாவூரான்: நான் உங்கள் மாமியார் கட்சி. கோபத்தில் கொதிக்கிற பிள்ளைக்கு அப்போதுதான் ஆள் வேண்டும். தனியாக விட்டால் செய்த தப்பையா யோசிக்கும்? பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டு, அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கும். மனநல மருத்துவர் டேனியல் சீகலும் 2014இல் டைம் இதழில் இதைத்தான் எழுதினார்.

ஒருநிமிடம்: பாதிதான் சொல்கிறீர்கள் சார். கோபத்தில் தொட்டதற்கெல்லாம் ஒதுக்கி வைப்பதைத்தான் எதிர்த்தோம், முறையாகச் செய்வதை அல்ல என்று அவரே பிறகு விளக்கினார். தப்பை யோசிக்க வைப்பது டைம் அவுட்டின் வேலையே இல்லை. 1960களில் நடத்தையியல்காரர்கள், அதாவது பழக்கம் எப்படி உருவாகிறது, மாறுகிறது என்று ஆராய்ந்தவர்கள், இதைச் சொன்னபோதே, சுவாரசியமான இடத்திலிருந்து கொஞ்ச நேரம் விலக்கு என்பதுதான் பொருள். கடித்தால் வீடே அவனைத் திரும்பிப் பார்க்கிறது, அது நிற்க வேண்டும். நடுவில் முறுக்கு வந்தால், கடித்ததற்குக் கூலி!

தஞ்சாவூரான்: விளக்கம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறையாக யார் செய்கிறார்கள்? ஒன்றாம் வகுப்பில் என் மகளை ஒரு பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்க வைத்தார்கள். கேட்டால், "அடிக்கலையே சார், டைம் அவுட்தான்." முட்டி போட வைத்ததற்குப் புதுப் பெயர், அவ்வளவுதான்.

ஒருநிமிடம்: அது டைம் அவுட்டே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. புகார் எழுதிக் கொடுங்கள். அதற்காக இந்த அம்மாவின் நாலு நிமிடத்தை ஏன் திட்டுகிறீர்கள்?

தஞ்சாவூரான்: நாலு நிமிடம் நாற்பது ஆவது எப்போது என்று யாருக்கும் தெரிவதில்லை, அதனால்தான்.

மழலைத்தாய்: நேற்று மறுபடி கடித்தான். இந்த முறை மாமியார் முறுக்கு டப்பாவைத் தொடவில்லை. அழுத பேத்தியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். இவன் பாயில் உட்கார்ந்து, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆச்சு என்றதும் நேரே தங்கையிடம் ஓடினான். சமாதானத்துக்கு என்றுதான் நினைத்தேன். அவள் பொம்மையைப் பிடுங்க!