நேட்டாலுக்குக் கப்பலேறிய பெண்கள் பற்றிய தகவல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். 1860 முதல் 1911 வரையிலான காலத்தில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் தனியாகப் பதிவான ஒரு பெண் கைம்பெண்ணா, கணவனை விட்டு வந்தவரா, பஞ்சத்தில் யாருமற்றுப் போனவரா என்பதை அவை சொல்வதில்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களை அனுப்ப வேண்டும் என்ற விதியின் விகிதத்தை நிரப்ப ஆள்பிடிப்பவர்கள் அலைந்த காலம் என்பதால், எல்லோரும் மனமுவந்தே புறப்பட்டார்கள் என்பதை நான் எளிதில் நம்புவதில்லை. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்த 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். ஆனால் தோட்டங்களில் ஆணின் கூலியில் பாதிக்கு உழைத்த பெண்களின் கதைகள் நம்மிடம் இல்லை.

வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பகுதிக் குடும்பங்களில் இப்படிச் சென்ற பெண்ணைப் பற்றிய வாய்மொழிக் கதையோ, ஒப்பாரியோ, கடிதமோ இருந்தால் தெரிவியுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றக் கோப்புகளைப் பார்த்தவர்கள், எந்தத் துறையின் தொகுதிகளில் தேடத் தொடங்கலாம் என்று வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும். குடும்பப் பெயர்களை உங்கள் அனுமதியின்றி வெளியிட மாட்டேன்.